ஏழாவது சிலிண்டரின் இடப்பக்கம்

ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில் குளிரைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது ஒரு கேள்விதான். எந்த அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனாலும், சிரித்த முகத்தோடு, "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். நான் யாழ்ப்பாணத்தில் படவரைஞராக இருந்தவள். ஓர் இயந்திரத்தின் உறுப்பை அளந்து, பட்டறைக்காரர் பார்த்துச் செய்யக்கூடிய விதமாகக் காகிதத்தில் வரைந்து கொடுப்பது என் தொழில். என் கோடு மயிரிழைகூடப் பிசகாது என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "இங்கே வேலை தந்தால்தானே இங்கே அனுபவம் வரும்?" என்று ஒருவரிடம் கேட்டேவிட்டேன். அவர் மிக அன்பாகக் கதவுவரைக்கும் வந்து என்னை வழியனுப்பிவைத்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்புக்கு மாறியிருந்தோம். என் கணவர் ஓர் உணவகத்தின் குசினியில் நின்றார். நான் பிஸ்கற் தொழிற்சாலையில், ஓடும் பட்டியில் வரும் உடைந்த பிஸ்கற்றுகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தேன். அந்த வேலையை நான் குறைசொல்ல மாட்டேன். எங்கள் மூன்று பிள்ளைகளும் அதில்தான் உண்டு உடுத்தார்கள். ஆனால் பட்டியில் வட்டமான பிஸ்கற் வந்தால், அதன் விட்டம் என்னவாக இருக்கும் என்று மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போடும். உடனே எனக்கு அழுகை வரும்.

ஒருநாள் கணவர், துணி துவைக்கும் அறையில் கிடந்த இலவசப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"இஞ்சாரும், இதைப் பாரும். ஒரு பழைய பிளேனைத் திருத்துகினமாம். படம் கீறத் தெரிஞ்ச ஆக்கள் வேணுமாம்."

"சம்பளம் எவ்வளவாம்?"

"சம்பளம் இல்லை. சும்மாதான்."

"உங்களுக்கென்ன விசரே? இருக்கிற வேலை காணாதெண்டு சும்மா வேலைக்கும் போறதே?"

"சும்மா எண்டாலும் கனடாவிலை இருந்துதானே கீறப்போறீர்? பேந்து உவங்கள் கேட்டால், ஓம், இருக்கெண்டு நெஞ்சை நிமித்திச் சொல்லலாம்."

அந்த மனிசனுக்குச் சில நேரம் இப்படித்தான் மூளை திடீரென்று வேலை செய்யும். அடுத்த சனிக்கிழமையே இரண்டு பஸ் மாறிப் போனேன்.

நகரின் வடக்குப் பக்கத்தில், ஒரு பழைய விமானக் கொட்டகை. வெளியே இருந்ததைவிட உள்ளே குளிர் கூடவாக இருந்தது. வாரநாட்களில் வேறு வேறு தொழில் பார்க்கும் கொஞ்சப் பேர் சனிக்கிழமைகளில் அங்கே கூடி, வடக்கே பனிக்காடுகளுக்குப் பறந்த ஒரு சின்ன விமானத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண், என் வயதை ஒத்தவர். வாரநாட்களில் அவர் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு கம்பனியின் வரைபடப் பகுதியை நடத்தினார். அவர் என்னோடு பேசியது ஆங்கிலத்தில். ஆனால் என் நினைவில் அவர் எங்கள் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

"இதுதான் எங்கடை நோயாளி" என்று ஒரு போர்வையை இழுத்தார். உள்ளே எஞ்சின் இருந்தது.

எஞ்சின் என்றால் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது வட்டமாக இருந்தது. நடுவிலே உருண்டையாக ஒரு கூடு. அதைச் சுற்றி, வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் போல, சிலிண்டர்கள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன. ஏழு இருக்கவேண்டிய இடத்தில் ஆறு நின்றன. ஏழாவது இருக்கவேண்டிய ஓட்டையில் துணி அடைத்திருந்தார்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள், மீனின் செட்டைகள் போல, அடுக்கடுக்காக இருந்தன. விரல் நகம் நுழையாத அளவுக்கு நெருக்கம். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது. பறக்கும்போது முகத்தில் அடிக்கும் காற்று அந்தச் செட்டைகளுக்குள் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். தண்ணீரும் தொட்டியும் குழாய்களும் இல்லாததால் பாரம் குறைவு. இந்த நாட்டுக் குளிரில் உறைவதற்கும் ஒன்றுமில்லை.

"எண்ணெய் மட்டும் இறுகும்" என்றார் பொறுப்பாளர். "அந்தக் காலத்து ஓட்டிகள் பின்னேரம் இறங்கினவுடனை எண்ணெயை ஒரு வாளிக்குள்ளை வடிச்சு, அடுப்புக்குப் பக்கத்திலை வைச்சுப்போட்டுப் படுப்பினம். விடிய எடுத்து ஊத்துவினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் குளிர்காலம் முழுவதும் ஹீற்றருக்கு மேலேதான் குந்தியிருக்கும். அதைச் சொன்னேன். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அந்தக் கொட்டகையில் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை.

அவருடைய சிக்கல் அந்த ஏழாவது சிலிண்டர். உடல் பகுதி உருக்குக் குழாய். அதைக் கடைசல் பட்டறையில் கடைந்து எடுத்துவிடலாம். தலைப்பகுதிதான் கரைச்சல். அது அலுமினியத்தில் வார்த்தது. பெற்றோல் புகை உள்ளே வரும் வழி, எரிந்த புகை வெளியே போகும் வழி, வால்வுகள், செட்டைகள் எல்லாம் அதில்தான். நல்ல சிலிண்டர் ஒன்றின் தலையைக் கழற்றி மாதிரியாகக் கொடுக்கலாம் என்றால், அதைச் சூடேற்றி உடலில் முறுக்கிப் பூட்டியிருந்தார்கள். ஆறிச் சுருங்கி இறுகிப்போன தலை அது. கழற்றினால் வெடிப்பு விழலாம். பழைய வரைபடமும் இல்லை. ஆகவே நிற்கிற ஆறையும் நின்ற நிலையிலேயே அளந்து, புதிதாக ஒரு படம் வரையவேண்டும். அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் மரத்தில் அச்சுச் செய்வார். அந்த அச்சைக் கொண்டு வார்ப்பார்கள். பிறகு கடைசல்.

அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "வசந்தத்திலை எங்கடை கம்பனியிலை ஒரு படவரைஞரின்ரை இடம் காலியாகுது. கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லாதவையை மனேச்சர் ஏறெடுத்தும் பாரார். இந்தத் தலையை நீங்கள் சரியாக் கீறித் தந்தால், இதுதான் அனுபவமெண்டு அவரோடை நான் வாதாடிப் பாப்பன்."

அன்றிரவு வீட்டில் நான் எஞ்சின் பைத்தியமாகிவிட்டேன். எல்லாச் சிலிண்டரின் தண்டுகளும் நடுவில் உள்ள ஒரே சுழல்தண்டைப் பிடித்துக்கொள்ள இடம் காணாது. ஆகவே ஒரு சிலிண்டரின் பெரிய தண்டு மட்டும் அதைக் கட்டிப்பிடிக்கும், மற்ற ஆறு தண்டுகளும் அந்தப் பெரிய தண்டின் இடுப்பில் தொங்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். ஒரு வட்டத்தில் சிலிண்டர்கள் ஏன் எப்போதும் ஒற்றைப்படை எண்ணில் இருக்கின்றன என்பதைப் புட்டு வைத்துக் காட்டினேன். நாங்கள் ஐந்துபேரும் வட்டமாக இருந்தோம். ஒருவருக்கு ஒரு கரண்டி வைத்து, அடுத்தவரைத் தாண்டி, அதற்கடுத்தவருக்கு வைத்துக்கொண்டு போனேன். முதல் சுற்றில் விடுபட்டவர்களுக்கு இரண்டாம் சுற்றில் கிடைத்துவிட்டது. எஞ்சினும் இப்படித்தான் ஒன்று விட்டு ஒன்று வெடிக்கும். இரண்டு சுற்றில் எல்லாருக்கும் முறை வந்துவிடும், அதனால் குலுங்காமல் ஓடும்.

"ஆறுபேர் இருந்தால்?" என்று மூத்தவள் கேட்டாள்.

"விடுபட்டவை எந்தச் சுத்திலையும் பட்டினிதான்."

"நல்ல காலம்" என்றார் கணவர், "மாமியாரையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டிருந்தால் எனக்குப் புட்டே கிடைச்சிராது."

சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய் அளந்தேன். செட்டைகளுக்கு நடுவே அளவுகோல் போகாத இடங்களில் மெழுகை அமுக்கி எடுத்து, அந்த மெழுகை அளந்தேன். வீட்டில் சாப்பாட்டு மேசையை யன்னலோரம் இழுத்து, அதிலேயே படத்தைக் கீறினேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் எல்லாம். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு கையில் கூர்மையான பென்சில். பிள்ளைகள் மேசைக்குக் கிட்ட வந்தால் கத்தினேன். அவர்கள் பாவம், கட்டிலில் இருந்து சாப்பிட்டார்கள். படம் முடிந்தபோது, அதைச் சுவரில் மாட்டலாம் என்றார் கணவர். பொறுப்பாளர் அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். படம் நகரின் மேற்கே இருந்த மர அச்சுக்காரருக்குப் போயிற்று.

கம்பனியில் வேலை கிடைத்தால் அங்கே எப்படி வரைவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டுமே என்று, ஸ்காபரோ நூலகத்தில் வரைபடப் புத்தகம் ஒன்றை இரவல் எடுத்தேன். முதல் அத்தியாயத்தைத் தாண்டினேன். எனக்கு அரிவரி படிப்பிக்கப் பார்க்கிறார்களாக்கும் என்ற கொழுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், உலை கொதிக்கும்வரை சும்மா நிற்கிறேனே என்று, அந்த முதல் அத்தியாயத்தைப் புரட்டினேன். அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

எங்களுக்குப் படிப்பித்த முறையில், ஒரு பொருளை மேலிருந்து பார்த்தால் தெரிவதைக் கீழே வரைவோம். இடப்பக்கம் இருந்து பார்த்தால் தெரிவதை வலப்பக்கத்தில் வரைவோம். எங்களை ஆண்ட வெள்ளைக்காரன் பழக்கிவிட்டுப் போன முறை அது. இந்தக் கண்டத்து வெள்ளைக்காரனோ நேர்மாறு. மேலிருந்து பார்ப்பதை மேலேயே வரைவான், இடப்பக்கம் பார்ப்பதை இடப்பக்கத்திலேயே வரைவான். இரண்டும் சரியான முறைதான். எந்த முறை என்று காட்ட ஒரு சின்ன அடையாளம் போடவேண்டும். ஊரில் எல்லாரும் ஒரே முறை என்பதால் நான் அதைப் போட்டதே இல்லை. இங்கேயும் போடவில்லை. என் படத்தை இந்த ஊர் முறையில் வாசித்தால் முன்பக்கம் பின்பக்கமாகும். அளவுகள் எல்லாம் துல்லியமாக இருக்கும், ஆனால் கண்ணாடியில் பார்த்த தலையாக வந்து சேரும். இடக்கால் சப்பாத்துக்குப் பதிலாக வலக்கால் சப்பாத்து. பெற்றோல் வழி இடப்பக்கம் இருக்கவேண்டியது வலப்பக்கத்தில் இருக்கும். எந்தக் குழாயும் பொருந்தாது. பொறுப்பாளரும் இலக்கங்களைத்தான் பார்த்தார். அந்த எஞ்சினோடு பழகிய கண்ணுக்கு, அது எப்படித் தெரியவேண்டுமோ அப்படியே தெரிந்திருக்கிறது.

"கோதாரி!" என்று நான் கத்தியதில் கணவர் ஓடி வந்தார். விளக்கினேன். அவருக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் வேலை போகப்போகிறது என்பது முழுதாக விளங்கியது.

"ரெலிபோனிலை சொல்லும்."

"அடிச்சுப் பாத்தன். எடுக்கினமில்லை. திங்கக்கிழமை அச்சு வார்க்கப் போகுதெண்டு போன கிழமையே பொறுப்பாளர் சொன்னவ."

"அப்ப நாளைக்கு நேரை போவம். வெளிக்கிடும், நானும் வாறன்."

அவருக்கு மறுநாள் வேலை. யாரையோ கெஞ்சி முறை மாற்றிக்கொண்டார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டோம். பஸ், சப்வே, பிறகு பார்க்டேலைத் தாண்டித் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்றீற்கார். வழி முழுக்க மனிசன் ஒரு புத்திமதியும் சொல்லாமல், என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்காக மட்டுமே அவருக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம். நேரில் சொன்னால் தலையில் ஏறிவிடுவார்.

அச்சுக்காரரின் பட்டறை, வீட்டுக்குப் பின்னால் இருந்த கார்க் கொட்டில். அவர் ஓர் இத்தாலியர், மரத்தூள் அப்பிய மீசை. அவர் பேசியதையும் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். நான் யார் என்று சொன்னதும், மேசையில் இருந்த துணியை நீக்கினார். சிவந்த மரத்தில், செட்டை செட்டையாக, என் சிலிண்டரின் தலை. முடிந்தே விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன, பிடிக்கேல்லையோ?" என்றார்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். வால்வுத் தண்டுகள் நிற்கும் முன்பக்கத்தை என் பக்கம் திருப்பினேன். பெற்றோல் வழி எந்தப் பக்கம்? இடம். நம்பிக்கை வரவில்லை. என் இடக்கையை உயர்த்திப் பார்த்தேன். கணவரிடம், "இது இடக்கைதானே?" என்று கேட்டேன். "ஓமப்பா, உமக்கென்ன நடந்தது?" என்றார். மறுபடி பார்த்தேன். இடப்பக்கமேதான். தலை சரியாக வந்திருந்தது.

"என்ரை படத்திலை அடையாளம் போடேல்லை. இஞ்சத்தை முறையிலை வாசிச்சால் மாறியெல்லே வந்திருக்கோணும்?" என்று கேட்டேன்.

அவர் என் படத்தை எடுத்து விரித்தார். "அடையாளம் இல்லையெண்டதை நான் கவனிக்கவே இல்லை. எங்கடை ஊரிலையும் இப்பிடித்தான் படிப்பிச்சவை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலை இருந்து, ஒவ்வொரு படத்தையும் மண்டைக்குள்ளை ஒருக்காத் திருப்பிப் போட்டுத்தான் நான் வேலை தொடங்குவன். இதை விரிச்சன், உடனை வேலையைத் தொடங்கிட்டன். ஏன் இவ்வளவு சுகமாக் கிடக்கெண்டு நானே யோசிச்சனான்."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. இந்த மனிதருக்கும் எனக்கும் தாய்மொழியில் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். அப்படி இருந்தும், நான் என் ஊரில் கற்றதை இந்த நாட்டில் முதன்முதலாகத் திருப்பிப் போடாமல் வாசித்தவர் அவர்தான். மாறி மாறி நன்றி சொன்னேன். அவர் சங்கடப்பட்டு, சின்னச் சின்னக் கோப்பைகளில் கசப்புக் கோப்பி ஊற்றித் தந்தார். கணவர் அதை ஒரு மிடறு குடித்துவிட்டு, மருந்து குடித்தவர் போல முழித்தார்.

புறப்படும்போது அச்சுக்காரர் படத்தை என்னிடம் தந்து சொன்னார்: "இந்தப் படம் இனிக் கடைசல் பட்டறைக்குப் போகும். அங்கை இருக்கிறவை இஞ்ச படிச்ச பிள்ளையள். மாத்தித்தான் வாசிப்பினம். புதுசாக் கீறிக் குடுங்கோ."

அப்படியென்றால் பொறுப்பாளருக்குச் சொல்லத்தான் வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது கணவர் மெதுவாகக் கேட்டார், "அச்சுத்தான் சரியா வந்திட்டுதே. துப்புரவாக் கீறினனான் எண்டு சொல்லி வேறை படத்தைக் குடுத்தாலென்ன?"

யோசிக்காமல் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு அந்தக் கம்பனியில் நான் வரையும் உறுப்பு ஒன்றை நம்பி ஆட்கள் பறப்பார்கள். "ஏலாதப்பா" என்றேன். அவர் தலையாட்டினார்.

மற்றச் சனிக்கிழமை பழைய படத்தையும் புதிதாகக் கீறியதையும் பொறுப்பாளர் முன்னால் விரித்தேன். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதிலை என்ரை கையெழுத்தும் கிடக்கு" என்றார். புதிய படத்தை எடுத்து, மூலையில் நான் போட்டிருந்த அடையாளத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, கடைசல் பட்டறைக்கான பைக்குள் வைத்தார். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். பிஸ்கற் பொறுக்கும்போது மறுபடியும் விட்டங்களைக் கணக்குப் போட்டேன்.

தலை வார்ப்பாகி வந்தது. கடைசலாகி வந்தது. சூடேற்றி உடலில் முறுக்கிப் பூட்டினார்கள். பனி கரைந்த ஒரு சனிக்கிழமை எஞ்சினை வெளியே கொண்டுபோனார்கள். கீழே தலைகுப்புற நிற்கும் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். அதை வெளியேற்றாமல் முடுக்கினால் தண்டு வளைந்துவிடும். ஆகவே முதலில் எஞ்சினுக்கு முன்னால் பூட்டிய விசிறியைக் கையாலேயே மெல்லச் சுற்றினார்கள். பிறகு முடுக்கினார்கள். இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, நின்றது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. ஒன்று விட்டு ஒன்று, ஏழும் வெடித்தன. அச்சுக்காரரும் வந்திருந்தார். காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறிய பிறகு எல்லாரும் அந்த ஏழாவது தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தொட்டேன். வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த நேரம் மனதார நினைத்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அந்த நினைப்பு போய்விட்டது. வேலை வேண்டும்தான்.

கொஞ்ச நாள் கழித்து, கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. பொறுப்பாளர்.

"மனேச்சரோடை கதைச்சனான். கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ எண்டு கேட்டார்."

நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினேன்.

"இருக்கெண்டன். கனடாவிலை ஒரு பிழை விட்டவ. அதைக் கனடாவிலையே தானாக் கண்டுபிடிச்சவ. ஒருத்தருக்கும் தெரியாத பிழையை, தானே வந்து என்ரை மேசையிலை விரிச்சு வைச்சவ. இஞ்ச கன வருஷமா இருக்கிற எங்கடை ஆக்களிலை எத்தினை பேருக்கு இந்த எக்ஸ்பீரியன்ஸ் இருக்கெண்டு கேட்டன். சரி, வரச்சொல்லுங்கோ எண்டார். திங்கக்கிழமை வர ஏலுமோ?"

கத்தி கையிலேயே இருந்தது. கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டார். எனக்கு ஆங்கிலம் முழுதாக மறந்துபோயிற்று. "ஓம்" என்றேன். "ஓம், ஓம், வாறன்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நின்றேன். பொறுப்பாளருக்கு விளங்கிவிட்டது.